விட்டு விட்டு வரும் நெட்டுக்கு ஏற்ற போன்

அத்தியாயம் 5: கரிசல் ஊர்களில் டேட்டா இணைப்பும் சிங்க் அமைப்பும்

செல்போனில் டேட்டாவை அமைப்பது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீட்டை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. அந்த வீட்டில் வைஃபை உண்டு, கரண்ட் நிற்பதில்லை, எந்த அறையில் உட்கார்ந்தாலும் டவர் கிடைக்கும். போனைச் செய்தவர்களும் அந்த வீட்டைத்தான் நினைத்திருக்கிறார்கள். புதுப் போனைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் அமைப்புகளைப் பாருங்கள். வாட்ஸ்அப் பேக்கப், போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாம் வைஃபை கிடைக்கும்வரை காத்திருக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகும் பாதையில் ஏதாவதொரு கிராமத்தில், வைஃபையே இல்லாத வீட்டில் அந்தப் போன் எதற்காகக் காத்திருக்கும்? வருடக்கணக்காக ஒரு பேக்கப்பும் எடுக்காமலே ஓடிக்கொண்டிருக்கும். போன் தொலைந்த அன்றோ தண்ணீர்த் தொட்டியில் விழுந்த அன்றோதான் அது தெரியவரும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் வாதம் இது: கரிசல் பகுதியில் போனை அமைக்கும்போது, இணைப்பு இல்லாமலிருப்பதை வழக்கமான நிலையாகவும், இணைப்பு கிடைப்பதை இடையிடையே வரும் வாய்ப்பாகவும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீரும் ஊரில், பெய்கிறபோது கண்மாயில் பிடித்து வைத்து மற்ற நாளை ஓட்டுவது பழகிய கணக்கு. டேட்டாவுக்கும் அதுவே கணக்கு. எது போனுக்குள்ளேயே இருக்க வேண்டும், எது டவர் கிடைத்த அரை நிமிடத்தில் போய்விட வேண்டும், எது வசதியான நேரத்துக்குக் காத்திருக்கலாம் என்று முதலிலேயே பிரித்துவிட்டால், வேகம் குறைந்த நெட்டும் போதுமான நெட்டாகிவிடும். பிரிக்காமல் விட்டால், நாளுக்கு 2 ஜிபி இருந்தும் அவசரத்துக்கு ஒரு போட்டோ போகாது.

கோடு காட்டும், போட்டோ போகாது

டவர் இரண்டு கோடு காட்டுகிறது, வாட்ஸ்அப்பில் செய்தி வந்து இறங்குகிறது, நாம் அனுப்பும் போட்டோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. காட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. போன் கெட்டுவிட்டதென்று கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. காரணம் வேறு. டவர் பத்துக்கணக்கான வாட் சக்தியில் அலையை அனுப்புகிறது. 4ஜி போன் அனுப்பக்கூடியது அதிகபட்சம் சுமார் 0.2 வாட்தான். தூரம் கூடக் கூட முதலில் நலிவது போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. திரையில் தெரியும் கோடு, டவரிலிருந்து நமக்கு வரும் அலையின் அளவு மட்டுமே. நம்முடைய அலை டவரை எட்டுகிறதா என்பதை அது சொல்லாது. அதனால் வீடியோ பார்க்க முடிகிற இடத்திலிருந்து போட்டோ அனுப்ப முடியாமல் போவதில் வியப்பில்லை. எட்டாத டவரை எட்டுவதற்காகப் போன் தன் முழுச் சக்தியையும் செலவழிப்பதால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

நிலத்தின் அமைப்பும் இதில் சேர்கிறது. கரிசலில் ஊர்கள் நெருங்கியும் நிலம் விரிந்தும் கிடக்கின்றன. டவர் நிறுத்துகிறவர் ஆட்கள் குடியிருக்கும், வண்டி ஓடும் இடத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார். நான்குவழிச் சாலையை ஒட்டியும், மதுரை-திருநெல்வேலி ரயில் பாதையை ஒட்டியும், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் போன்ற ஊர்களுக்குள்ளும் இருக்கும் வசதி, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும் காட்டுக்குள் இருக்காது. கண்மாய்க்குள் இறங்கினால் கரையே மறைக்கும். தகரக் கூரைக்குக் கீழ் நின்றால் தகரமே அலையைத் தடுக்கும். அலைவரிசையிலும் வேறுபாடு உண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகம் தரும், ஆனால் தூரம் குறையும். ஜியோ 4ஜி-க்கு 850, 1800, 2300 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. பிஎஸ்என்எல்-இன் 4ஜி-யில் 700 முக்கியமானது. பழைய, விலை குறைந்த போன்கள் சிலவற்றில் அந்த 700 இல்லை. சிம் மாற்றும் முன் உங்கள் போன் எந்த அலைவரிசைகளை ஏற்கும் என்று பெட்டியிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ பார்த்துக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

இனி கொஞ்சம் கணக்கு. இன்றைய போன் எடுக்கும் ஒரு போட்டோ சுமார் 3 எம்பி. அதையே வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பினால் 150 கேபி அளவுக்கு வந்துவிடும். நாளுக்கான டேட்டா தீர்ந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-ஆகக் குறைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 3 எம்பி போட்டோ போய்ச் சேர ஆறு நிமிடத்துக்கு மேலாகும். சுருங்கிய போட்டோவுக்கு இருபது விநாடி போதும். எழுத்துச் செய்தி ஒன்று சில கேபி-க்குள் அடங்குவதால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஐந்நூறு பேரின் பெயரும் நம்பரும் சேர்ந்தாலும், படம் எதுவும் இல்லாவிட்டால், ஒரு போட்டோவின் அளவுகூட வராது. ஆகவே 'நெட் ஸ்லோ' என்பது எல்லாவற்றுக்கும் ஒரே தடை ஆகாது. பெரியவற்றை வழியிலிருந்து விலக்கினால் சிறியவை எப்படியும் போய்ச்சேரும். இந்த அத்தியாயத்தில் வரும் அமைப்புகள் அத்தனையும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

இணைப்பைப் போடுவது

டேட்டா வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளானில் டேட்டா இருக்கிறதா என்பதை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் பிறப்பித்த விதியால், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்களும் இப்போது கிடைக்கின்றன. விலை குறைவென்று அதைப் போட்டுவிட்டு நெட்டைத் தேடுவதில் பயனில்லை. பிளான் சரியென்றால் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், மொபைல் டேட்டா ஆனில் இருக்கிறதா, இரண்டு சிம் இருந்தால் டேட்டாவுக்கு எந்த சிம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது ஏபிஎன், அதாவது ஆக்சஸ் பாயிண்ட் நேம். சிம் போட்டதும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். பழைய போனிலும், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோதும் வராமல் போகலாம். அப்போது அந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்த்து, ஏபிஎன் என்ற கட்டத்தில் ஜியோவுக்கு 'ஜியோநெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்', பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்துச் சேமியுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் கட்டங்கள் காலியாகவே இருக்கலாம். ஏபிஎன் வகை என்ற கட்டத்தில் 'டீஃபால்ட்' என்பதோடு 'எஸ்யூபிஎல்' என்பதும் இருக்கட்டும். ஜிபிஎஸ் சீக்கிரம் இடத்தைப் பிடிக்க அது உதவும். முடித்ததும் ஏரோபிளேன் மோடைப் போட்டு, பத்து விநாடி கழித்து எடுத்தால் போன் டவரிடம் புதிதாகப் பதிந்துகொள்ளும்.

5ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஊர் ஓரத்தில் 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால், போன் 4ஜி-க்கும் 5ஜி-க்கும் மாறி மாறித் தாவி, இணைப்பும் பேட்டரியும் இரண்டும் வீணாகும். அங்கே விருப்ப நெட்வொர்க் வகையை 4ஜி என்று வைத்துவிட்டு, டவுனுக்குப் போகும்போது மட்டும் 5ஜி-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது. ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம்மும் ஒரே டவரை நம்பியிருக்கும், விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். இரண்டாவதுக்குப் பேச்சு மட்டும் உள்ள நீண்ட நாள் பிளான் போதும். எந்த நிறுவனம் என்ற கேள்விக்குக் கடைக்காரரின் பரிந்துரையைவிடப் பக்கத்துக் காட்டுக்காரரின் அனுபவம் மேல். டிராயின் 2024-ஆம் ஆண்டு சேவைத் தர விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதையும் பாருங்கள். ஆனால் வரைபடத்தின் வண்ணம் உங்கள் வீட்டுத் தகரத்தையும் கண்மாய்க் கரையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

கூகுள் கணக்கு யார் கையில்

சிங்க் என்பது போனில் இருப்பதையும் கணக்கில் இருப்பதையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் வேலை. கணக்கு நம் கையில் இல்லாவிட்டால் சிங்க் ஆனில் இருந்தும் பலனில்லை. நடைமுறையில் பெரிய ஓட்டை இங்கேதான். போன் வாங்கும்போது கடைக்காரர் ஏதோ ஒரு ஜிமெயிலை உருவாக்கி, ஏதோ ஒரு கடவுச்சொல்லைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். அடுத்த போனுக்கு இன்னொரு ஜிமெயில். பழைய நம்பர்களும் போட்டோக்களும் முதல் கணக்கில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் திறக்கச் சாவி இருக்காது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை நீக்கும் வழக்கத்தை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைப்படுத்துவதால், அப்படி விடப்பட்ட கணக்குகள் ஒருநாள் இல்லாமலும் போகும். ஆகவே வேறெதையும் தொடும் முன் செட்டிங்ஸில் கூகுள் பகுதியைத் திறந்து, எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் நம்பரையும், வீட்டில் இன்னொருவர் நம்பரையும் கொடுங்கள். முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். நோட்டில் எழுதுவது ஆபத்தென்று சொல்பவர்கள் உண்டு. பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் நோட்டைத் திருடன் தேடி வரும் வாய்ப்பைவிட, கடவுச்சொல் மறந்துபோகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மீட்பு எண்ணாகக் கொடுத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடவும் கூடாது. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் இடைவெளிக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். ஓடிபி-யும் அவருக்கே போகும்.

கணக்கு கைக்கு வந்ததும் காண்டாக்ட். போனில் ஒரு நம்பரைச் சேமிக்க மூன்று இடம் உண்டு: சிம், போன், கூகுள் கணக்கு. முதல் இரண்டில் போட்டது சிங்க் ஆகாது. சிங்க் ஆனில்தானே இருந்தது, நம்பரெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பவர்களில் பலருடைய நம்பர்கள் போனிலேயோ சிம்மிலேயோ இருந்தவை. காண்டாக்ட் ஆப்பின் செட்டிங்ஸில் புது நம்பர் சேமிக்கும் இடத்தைக் கூகுள் கணக்கு என்று மாற்றுங்கள். அங்கேயே இம்போர்ட் என்ற வசதியில் சிம்மில் உள்ளவற்றை அதே கணக்குக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கணக்கு அமைப்பில் காண்டாக்ட் சிங்க் ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் ஆன ஒன்றை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இடம் இல்லையென்று கூகுள் போட்டோஸ் ஆப்பில் படங்களை அழிப்பவர் போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் சேர்த்தே அழிக்கிறார். பேக்கப் ஆன படமென்றால் 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய வேண்டுமென்றால் அதே ஆப்பில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது பேக்கப் ஆனவற்றை மட்டும் போனிலிருந்து எடுக்கும்.

எது உடனே, எது இரவில், எது டவுனில்

முதல் வகை, உடனே போக வேண்டியவை: காண்டாக்ட், எழுத்துச் செய்தி, காலண்டர், மெயில் தலைப்புகள், வானிலை எச்சரிக்கை. இவற்றின் அளவு மிகச் சிறியது. மொபைல் டேட்டாவில் எந்நேரமும் ஆனில் இருக்கட்டும். இவற்றுக்கு வழி விடுவதற்காகச் செட்டிங்ஸில் டேட்டா சேவரை ஆன் செய்து, வாட்ஸ்அப் போல உண்மையில் தேவைப்படும் இரண்டு மூன்று ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். டேட்டா சேவர் போட்டால் மற்ற ஆப்புகள் நீங்கள் திறக்காதபோது நெட்டைத் தொட முடியாது. விலைகுறைந்த போன்கள் பலவற்றில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் ஆப்புகளை உறங்க வைக்கும் அமைப்பும் உண்டு. செய்தி தாமதமாக வருகிறதென்றால் அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடற்றது என்று மாற்றிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவில் தானாக இறங்குபவை என்ற இடத்தில் போட்டோ, ஆடியோ, வீடியோ, ஆவணம் நான்கிலும் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களும் குழுவில் சுற்றும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை நிறுத்தினாலே பலருக்கு நாளின் டேட்டா மாலைவரை நிற்கும்.

இரண்டாம் வகை, இரவுக்குக் காத்திருக்கலாம்: வாட்ஸ்அப் பேக்கப், அன்றைய முக்கியமான போட்டோக்கள். நாளுக்கு 1.5 ஜிபி பிளானில் ஐந்நூறு எம்பி மிஞ்சினாலும் நள்ளிரவு 12 மணிக்கு அது காலாவதியாகிவிடும். வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பேக்கப் பொதுவாக அதிகாலை 2 மணிக்கு நடப்பது. மொபைல் டேட்டாவில் அதற்கு அனுமதி கொடுத்தால், மிஞ்சியதை விட்டுவிட்டு, புதிதாக வந்த நாளின் டேட்டாவைத் தின்னும். கொடுக்காவிட்டால் வைஃபை இல்லாத வீட்டில் நடக்கவே நடக்காது. எனவே தானியங்கியை நம்பாமல், வாரம் ஒருநாள் இரவு 10 மணிக்கு மேல், போன் சார்ஜில் இருக்கும்போது, சாட் பேக்கப் பக்கத்தில் மொபைல் டேட்டா அனுமதியை ஆன் செய்து, வீடியோக்களைச் சேர்க்காமல், கையாலேயே பேக்கப்பை அழுத்துங்கள். முதல்முறை நேரமெடுக்கும். அடுத்த வாரம் புதிதாக வந்தவை மட்டுமே போகும். கூகுள் போட்டோஸில் மொபைல் டேட்டாவுக்கு நாளொன்றுக்கு இத்தனை எம்பி என்று உச்சவரம்பு வைக்கலாம். சிறிய வரம்பாக வைத்தால் படங்கள் சிறுகச் சிறுகப் போய்ச்சேரும். கணக்கில் இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் போட்டோக்களும், 2024-லிருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். நிறைந்தால் மெயில் வருவதும் நின்றுவிடும். ஆகவே பேக்கப்புக்கு முன் குழு வீடியோக்களை அழிப்பது டேட்டாவுக்கும் நல்லது, இடத்துக்கும் நல்லது.

மூன்றாம் வகை பெரியவை: கல்யாண வீடியோ, ஆப் அப்டேட், போனின் மென்பொருள் அப்டேட். இவை டவுனுக்குப் போகும்வரை காத்திருக்கட்டும். எல்லையற்ற 5ஜி சேர்ந்த பிளானும் 5ஜி போனும் இருந்தால், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அரைமணி நேரம் போதும். ரயில்டெல்லின் இலவச வைஃபை உள்ள ரயில் நிலையமும் உதவும், ஆனால் பொது வைஃபையில் பேங்க் வேலை வேண்டாம். வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளையின் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வழிதான். அதை உங்கள் போன் வைஃபை என்றே எடுத்துக்கொள்வதால், காத்துக்கிடந்த எல்லாம் ஒரேயடியாகப் புறப்பட்டு, பிள்ளையின் டேட்டாவை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடலாம். அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் 'மீட்டர்டு' என்ற தேர்வு இருக்கும். அதைப் போட்டால் பெரிய வேலைகள் அடங்கி நிற்கும். சில போன்கள் ஹாட்ஸ்பாட்டைத் தாமே மீட்டர்டு என்று கொள்வதும் உண்டு. அங்கே பேக்கப் நகரவில்லை என்றால் அந்தத் தேர்வை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

எதிர்க் கேள்விகள்

சிங்க்கை ஒட்டுமொத்தமாக ஆஃப் செய்துவிட்டால் டேட்டாவும் பேட்டரியும் மிச்சம் என்பது கடைவீதியில் பரவலாகக் கிடைக்கும் ஆலோசனை. பாதி உண்மை அதில் இருக்கிறது. டவர் எட்டாத இடத்தில் மீண்டும் மீண்டும் முயலும் ஆப்புகள் பேட்டரியைத் தின்னத்தான் செய்கின்றன. ஆனால் தின்பவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்காக முதல் வகையையும் சேர்த்து நிறுத்தினால், ஒரு போட்டோ அளவு டேட்டாவை மிச்சம் பிடித்துவிட்டு, இருபது ஆண்டு சேர்த்த நம்பர்களைப் பணயம் வைக்கிறோம். தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் திரட்டுகிறவருக்கும், மாட்டு வியாபாரிக்கும், கடலை மிட்டாய்க்கு ஆர்டர் பிடிக்கிறவருக்கும் அந்த நம்பர்கள்தான் முதலீடு.

4ஜி எங்கும் வந்துவிட்டது, 5ஜி-யும் வருகிறது, தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுவரும் திட்டமும் நடக்கிறது, இனியும் எதற்கு இந்தச் சிக்கனம் என்று கேட்கலாம். கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகம்வரை வரும், காட்டுக்குள் வராது. டவரோ கரண்டை நம்பி நிற்பது. கரண்ட் நின்றால் சில மணி நேரம் பேட்டரி தாங்கும், பிறகு டீசல் வந்து சேர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் பல இடங்களில் கரண்டும் செல்போன் சேவையும் சேர்ந்தே நின்றன. அந்த நாட்களில் வேகமான பிளான் வைத்திருந்தவருக்கும் மெதுவான பிளான் வைத்திருந்தவருக்கும் வேறுபாடு இல்லை. போனுக்குள் என்ன இருந்ததோ அதுதான் கையில் இருந்தது. இணைப்பு வளர வளர நாம் அதை நம்பி வைப்பதும் வளர்கிறது. அறுந்தால் விழும் இழப்பும் கூடவே வளர்கிறது.

மூன்றாவது கேள்வி கனமானது: நம்முடைய எல்லாவற்றையும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கணினியில் வைக்கலாமா? தயங்குவது நியாயம். தயங்குபவர் பேக்கப்பே எடுக்காமல் விட வேண்டியதில்லை. காண்டாக்ட் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் எல்லா நம்பரும் ஒரே கோப்பாகும். அதை மெமரி கார்டிலோ, ஓடிஜி கேபிள் வழியாகப் பென்டிரைவிலோ வைக்கலாம். இதற்கு நெட்டே வேண்டாம். வாட்ஸ்அப்பும் கூகுளில் ஏற்றும் பேக்கப்பைப் பூட்டி வைக்கும் வசதியை 2021-லிருந்து தருகிறது. பூட்டின் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பதால், பெட்டியில் இருக்கும் நோட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கையில் உள்ள பிரதிக்கு ஒரு குறை உண்டு: வெள்ளத்தில் போனோடு அதுவும் நனையலாம். முக்கியமானவை இரண்டு இடத்தில் இருப்பதே பாதுகாப்பு.

வேலையும் விண்ணப்பமும்

இணைப்பு அறும் என்று எடுத்துக்கொண்டு அமைப்பது எளியவர்களின் சமாளிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அரசின் பெரிய திட்டங்களே அந்த வழிக்கு வர வேண்டியிருந்தது. நூறு நாள் வேலையில் வருகையைப் போன் ஆப்பில் பதிவது, தனிநபர் பயன்பாட்டுப் பணிகள் தவிர மற்றவற்றுக்கு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. நாளில் இருமுறை, இடமும் நேரமும் பதிந்த போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. பணித்தளமோ பல ஊர்களில் கண்மாய்தான். நெட் இல்லாத இடத்தில் வருகையைப் போனிலேயே பதிந்து, நெட் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் ஏற்றலாம் என்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் விளக்கம் தந்தது. எடுத்து வைத்துப் பிறகு அனுப்பும் இந்த முறை எந்த வேலைக்கும் பொருந்தும். ஜிபிஎஸ்-க்கு நெட் வேண்டாம். வானம் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் பொறுத்தால் போன் தானே இடத்தைக் கண்டுபிடிக்கும். கேமராவில் இருப்பிடப் பதிவையும், செட்டிங்ஸில் தானியங்கித் தேதி நேரத்தையும் ஆனில் வைத்தால், போட்டோ எப்போது போய்ச் சேர்ந்தாலும் எடுத்த இடமும் நேரமும் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் சுருக்கும்போது அந்த விவரம் போய்விடும். மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

பயிர்க் காப்பீட்டில் இதன் அருமை தெரியும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உள்ளூர் இடர்களால் தனித்தனி வயலில் ஏற்படும் சேதத்தையும், அறுவடைக்குப் பின் களத்தில் காயும்போது ஏற்படும் சேதத்தையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மழையில் சேதம் வரும் நாளும் டவர் போகும் நாளும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே ஆப் திறக்கும்வரை காத்திருக்காமல், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 14447 என்ற உதவி எண்ணுக்குப் பேசிப் பதிவு எண்ணை வாங்குங்கள். டேட்டா நகராத இடத்தில்கூடப் பேச்சு கிடைக்க வாய்ப்பு உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், காப்பீட்டு ரசீது, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றை, டவர் நன்றாக இருக்கும் நாளிலேயே இறக்கி ஒரே போல்டரில் வைத்தால், அலுவலக வாசலில் நின்று நெட்டைத் தேட வேண்டியிராது. கூகுள் மேப்ஸில் கோவில்பட்டி முதல் விளாத்திகுளம்வரை உள்ள பகுதியை ஆஃப்லைன் வரைபடமாக இறக்கலாம். பணம் அனுப்ப, நெட் இல்லாத நேரத்தில் *99# என்று டயல் செய்யும் வழி இருக்கிறது. பேங்கில் பதிந்த சிம்மிலிருந்துதான் அது நடக்கும். பாதியில் நின்ற யுபிஐ பணத்தை உடனே மறுபடி அனுப்பாதீர்கள். கணக்கில் கழிந்திருக்கிறதா என்று எஸ்எம்எஸ் பார்த்த பிறகே அடுத்த முயற்சி.

சரிபார்க்கும் முறை

அமைத்தது சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். முதலாவது: ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு, அன்றைக்குத் தேவையான எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். நம்பர் தெரிகிறதா, பட்டா திறக்கிறதா, வரைபடம் வருகிறதா, எடுத்த போட்டோவில் இடமும் நேரமும் இருக்கின்றனவா? திறக்காதது எதுவோ அது இன்னும் டவரை நம்பியிருக்கிறது. அதை இறக்கி வையுங்கள். இரண்டாவது, வீட்டில் இன்னொருவர் போனில் ஒரு தனிப்பட்ட பிரவுசர் பக்கத்தைத் திறந்து, நோட்டில் எழுதிய முகவரியும் கடவுச்சொல்லும் கொண்டு உங்கள் கணக்குக்குள் நுழையுங்கள். நேற்றுச் சேமித்த நம்பர் அங்கே இருக்கிறதா? இருந்தால் வெளியேறிவிட்டுப் பக்கத்தை மூடுங்கள். இல்லாவிட்டால் சிங்க் நடக்கவில்லை, காண்டாக்ட் பகுதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்தால் போதும். புரட்டாசி விதைப்புக்கு முன் ஒருமுறை செய்துவிட்டால் மழைக்காலத்தை நிம்மதியாகக் கடக்கலாம். புதுப் போன் வாங்கிய அன்று, பழைய போனை அழிப்பதற்கு முன், கட்டாயம் ஒருமுறை செய்ய வேண்டும்.